எல்லை அறியாப் புகை

நுழையும்முன்

உண்ணும் உணவைத் தேர்ந்துகொள்ளலாம். பருகும் நீரைக் காய்ச்சிக்கொள்ளலாம். ஆனால், பணியிடத்திலும் பேருந்திலும் உள்ளிழுக்கும் காற்றை எவரும் தேர்ந்துகொள்ள இயலாது. அங்கே ஒருவர் வெளிவிடும் புகை, அருகிலிருப்போர் அனைவருக்கும் பங்காகிவிடுகிறது. அந்தப் பங்கினை மறுக்கும் உரிமையை மக்களுக்குத் தருவதற்காகவே மூடிய பொது இடங்களிலும் பணியிடங்களிலும் புகைபிடித்தலைத் தடைசெய்யும் சட்டங்கள் தோன்றின. அச்சட்டங்கள் உருவான வரலாற்றையும் அவை வலுப்பெறும் வழியையும், இரு மாநில எல்லையில் அமைந்த ஓசூரை முன்வைத்து இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தொழில் வளரும் எல்லை நகரம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேட்டுநிலத்தில், பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது ஓசூர். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழிகளும் இந்நகரின் தெருக்களில் இயல்பாக ஒலிக்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின், சரக்குந்து, இருசக்கர வாகனம், கைக்கடிகாரம் எனப் பல்வகைப் பொருள்களை உருவாக்கும் தொழிற்சாலைகள் இங்கு வளர்ந்தன. பெரிய ஆலைகளைச் சூழ்ந்து, அவற்றிற்கு உதிரிப்பாகங்கள் செய்து தரும் சிறு பட்டறைகள் பெருகின. அண்மை ஆண்டுகளில் மின்னணுப் பொருள் உற்பத்தியும் இவ்வட்டாரத்தில் காலூன்றியுள்ளது. 2019ஆம் ஆண்டில் ஓசூர் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது.

தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வேலை நாடி வந்தோர் இங்கு ஒன்றாக உழைக்கின்றனர். முறை மாறும் வேளைகளில் அவர்கள் ஒரே பேருந்தில் பயணம் செய்கின்றனர். ஒரே உணவுக்கூடத்தில் உண்கின்றனர். ஒரே கூரையின்கீழ் எட்டு மணி நேரம் நிற்கின்றனர். நாளின் மூன்றில் ஒரு பகுதியை அவர்கள் பிறருடன் பகிர்ந்துகொள்ளும் காற்றிலேயே கழிக்கின்றனர். எனவே, பணியிடத்துக் காற்று எவ்வாறு இருக்க வேண்டும் என்னும் வினா, இத்தகைய தொழில் நகரத்திற்கு இன்றியமையாததாகிறது.

புகையின் இயல்பு

எரியும் சிகரெட் அல்லது பீடியிலிருந்து இருவகைப் புகை எழுகிறது. புகைப்பவர் உள்ளிழுத்து வெளிவிடுவது ஒருவகை. எரியும் முனையிலிருந்து தானாகவே எழுந்து பரவுவது மற்றொரு வகை. இவ்விரண்டும் கலந்த புகையைப் புகைபிடிக்காதவர் சுவாசிக்க நேர்வதை ‘இரண்டாம்நிலைப் புகை’ என்பர். மூடிய அறையில் தேங்கும் புகையில் பெரும்பகுதி எரியும் முனையிலிருந்து எழுவதேயாகும். அது குறைந்த வெப்பத்தில் எரிவதாலும் வடிகட்டி வழியே வராததாலும், அதிலுள்ள நச்சுப்பொருள்கள் பலவற்றின் அடர்த்தி மிகுதி.

புகையிலைப் புகையில் ஏறத்தாழ 7,000 வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் எழுபதளவு புற்றுநோயைத் தோற்றுவிக்கும் தன்மையுடையவை. கார்பன் மோனாக்சைடு, குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் இணைவதால், உடலுறுப்புகளுக்குச் செல்லும் உயிர்வளி குறைகிறது. இரண்டாம்நிலைப் புகை இதயநோய், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றிற்குக் காரணமாகிறது. குழந்தைகளின் ஆஸ்துமாவைத் தீவிரமாக்குகிறது. கருவுற்ற பெண் அதனைச் சுவாசித்தால் பிறக்கும் குழந்தையின் எடை குறையக்கூடும்.

இவ்வுண்மை ஒரே நாளில் ஏற்கப்படவில்லை. சப்பானிய அறிவியலாளர் தக்கேசி இரயாமா, புகைபிடிக்காத 91,540 மனைவியரின் உடல்நலத்தைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, 1981ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். மிகுதியாகப் புகைபிடிக்கும் கணவரைக் கொண்ட பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் இடர் கூடுதலாக இருந்தது. புகையிலை நிறுவனங்கள் அம்முடிவை மறுத்து நெடுங்காலம் வாதிட்டன. ஆயினும், பின்வந்த ஆய்வுகள் பலவும் அதனை உறுதிசெய்தன. இன்று உலகில் ஆண்டுதோறும் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர், தாம் புகைபிடிக்காமலேயே பிறர் புகையால் உயிரிழக்கின்றனர் என உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது.

மறுப்புரைக்க இயலாதவரின் உரிமை

தொடக்கத்தில், பிறர் புகையால் ஏற்படும் தொல்லை மரியாதை சார்ந்த சிக்கலாகவே கருதப்பட்டது. 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் இதற்குச் சான்றாகும். இரயில் பெட்டியில் உடன் பயணம் செய்வோர் மறுப்புத் தெரிவித்தால் ஒருவர் புகைபிடிக்கக்கூடாது என்று அச்சட்டத்தின் 167ஆம் பிரிவு கூறுகிறது. தொடர்வண்டி முழுவதிலுமோ ஒரு பகுதியிலோ புகைபிடித்தலைத் தடைசெய்யும் அதிகாரத்தை அப்பிரிவு இரயில்வே நிருவாகத்திற்கும் வழங்கியது. எனினும், அவ்வாறு தடைசெய்யப்படாத இடத்தில், காப்புப் பெறவேண்டுமெனில் பாதிக்கப்பட்டவர் வாய்திறந்து மறுத்தாக வேண்டும். குழந்தை எவ்வாறு மறுக்கும்? புதிதாகப் பணியில் சேர்ந்தவர் தம் மேற்பார்வையாளரை எவ்வாறு தடுப்பார்?

இவ்வினாக்களுக்கு நீதிமன்றங்கள் விடைகண்டன. பொது இடங்களில் புகைபிடித்தலை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், கேரள உயர் நீதிமன்றம் 1999ஆம் ஆண்டு ஜூலை 12 அன்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை வழங்கிய அமர்வுக்குத் தலைமை தாங்கியவர், தேவகோட்டையில் பிறந்த நீதியரசர் ஏ.ஆர். இலட்சுமணன் ஆவார். பொது இடத்தில் புகைபிடித்தல் பொதுத் தொல்லை என்னும் குற்றமாகும் எனவும், பிறர் புகையைச் சுவாசிக்குமாறு ஒருவரை ஆளாக்குவது அரசமைப்பின் 21ஆவது உறுப்பு உறுதியளிக்கும் வாழ்வுரிமைக்கு எதிரானது எனவும் அத்தீர்ப்பு உரைத்தது.

இதனைத் தொடர்ந்து, முரளி தேவ்ரா தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2001ஆம் ஆண்டு நவம்பர் 2 அன்று நாடு முழுமைக்குமான ஆணையைப் பிறப்பித்தது. மருத்துவமனை, கல்வி நிறுவனம், நூலகம், நீதிமன்றம், அரங்கம், அரசு அலுவலகம், தொடர்வண்டி உள்ளிட்ட பொதுப் போக்குவரத்து ஆகியவற்றில் புகைபிடித்தல் தடைசெய்யப்பட்டது. பாதிக்கப்பட்டவர் மறுப்புரைத்தாரா என்னும் வினா இதன்பின் எழவில்லை. அவர் பேசாதிருப்பினும் அவருடைய மூச்சுக்குக் காப்பு உண்டு என்பதே இத்தீர்ப்புகள் தந்த மாற்றமாகும்.

சட்டத்தின் கட்டமைப்பு

நாடாளுமன்றம் 2003ஆம் ஆண்டில் ‘சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம்’ எனச் சுருக்கமாக வழங்கும் சட்டத்தை இயற்றியது. அதன் நான்காம் பிரிவு பொது இடத்தில் புகைபிடித்தலைத் தடைசெய்கிறது. சட்டத்தின் பெயரில் சிகரெட் முன்னிற்பினும் பீடி, சுருட்டு, உக்கா என எவ்வடிவில் புகைத்தாலும் தடை பொருந்தும். மீறுவோருக்கு 200 ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கலாம்.

எனினும், தொழிற்சாலைகளையும் தனியார் அலுவலகங்களையும் பொது இடமாகக் கருதலாமா என்பதில் தெளிவு தேவைப்பட்டது. அன்புமணி இராமதாசு ஒன்றிய நலவாழ்வுத்துறை அமைச்சராக இருந்தபோது வகுக்கப்பட்ட விதிகள், 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2, காந்தியடிகள் பிறந்தநாளன்று நடைமுறைக்கு வந்தன. பணியிடம், வணிக வளாகம், திரையரங்கு ஆகியனவும் பொது இடங்களே என அவ்விதிகள் தெளிவுறுத்தின. உணவுக்கூடமும் தேநீரகமும் இத்தடைக்குள் அடங்கும். கூரையில்லாத இடமாயினும், பேருந்து நிலையமும் இரயில் நிலையமும் விளையாட்டரங்கும் திறந்தவெளி எனக் கூறித் தப்ப இயலாது.

2008ஆம் ஆண்டு விதிகளின் தனிச்சிறப்பு, பொறுப்பை வரையறுத்த முறையில் உள்ளது. புகைப்பவரை மட்டும் குற்றவாளியாக்கி அவை நின்றுவிடவில்லை. உரிமையாளர், மேலாளர், மேற்பார்வையாளர் என அவ்விடத்தின் பொறுப்பில் இருப்பவர் எவரோ, அவர் தம் இடத்தில் எவரும் புகைபிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாம்பற்கிண்ணம், தீப்பெட்டி, தீமூட்டி போன்று புகைபிடிக்கத் துணைபுரியும் பொருள்களை அங்கு வைக்கக்கூடாது. முறையீடு வந்தும் அவர் நடவடிக்கை எடுக்கத் தவறினால், அங்கு நிகழ்ந்த மீறல்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற தண்டத்தொகையை அவரே செலுத்த நேரிடும்.

தெரிந்து தெளிவோம்

• ‘புகைபிடிக்கத் தடைசெய்யப்பட்ட பகுதி; இங்குப் புகைபிடிப்பது குற்றம்’ என்னும் பொருள்பட அமைந்த அறிவிப்புப் பலகை, குறைந்தது 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் கொண்டிருத்தல் வேண்டும். முறையீட்டைப் பெறுபவரின் பெயரும் அங்கு இடம்பெற வேண்டும்.

• தண்டத்தொகை விதிக்கும் அதிகாரம் காவல்துறையினருக்கு மட்டும் உரியதன்று. பள்ளியில் தலைமையாசிரியர், நூலகத்தில் நூலகர், இரயில் நிலையத்தில் நிலைய அதிகாரி, தனியார் பணியிடத்தில் மனிதவள மேலாளர் அல்லது நிருவாகத் தலைவர் ஆகியோருக்கும் அவ்வதிகாரம் உண்டு.

• கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெச எல்லைக்குள், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள்களை விற்கக்கூடாது.

• தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் புகைபிடித்தலையும் எச்சில் உமிழ்தலையும் தடுக்க 2002ஆம் ஆண்டில் தனிச்சட்டம் ஒன்றை இயற்றியுள்ளது.

எல்லையின் இருபுறமும்

ஓசூரிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஜூஜூவாடியைக் கடந்தால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி வந்துவிடும். இடையிலுள்ள தொலைவு சிறிது. ஆனால், 2025ஆம் ஆண்டு மே மாதம் முதல் இவ்விரு ஊர்களுக்கிடையே சட்டத்தின் அளவுகோல் மாறியுள்ளது. கர்நாடகச் சட்டமன்றம் ஒன்றியச் சட்டத்திற்குக் கொண்டுவந்த திருத்தம், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று அம்மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, அங்குப் பொது இடத்தில் புகைபிடிப்போருக்கு விதிக்கப்படும் தண்டத்தொகை 1,000 ரூபாய் வரை உயர்ந்தது. புகையிலைப் பொருள்களை வாங்குவதற்கான குறைந்த வயது 18இலிருந்து 21 ஆக்கப்பட்டது. உக்கா கூடங்களும் தடைசெய்யப்பட்டன. ஒன்றியச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் தண்டத்தொகை 200 ரூபாய் வரையே. வயது வரம்பு 18. காலையில் ஓசூரில் ஏறி அத்திப்பள்ளியில் இறங்கும் தொழிலாளி, அரைமணி நேரத்திற்குள் இரு வேறு அளவுகோல்களுக்கு உட்படுகிறார். ஆனால், அவருடைய நுரையீரல் ஒன்றே. அதற்குரிய வாழ்வுரிமையும் ஒன்றே.

தண்டத்தொகை உயர்வு ஓரளவு அச்சத்தைத் தரும் என்பது உண்மை. 2003இல் 200 ரூபாய்க்கு இருந்த மதிப்பு இன்றில்லை. ஆயினும், தொகையை மட்டும் உயர்த்தினால் பணியிடம் தூய்மையாகிவிடுமா? இவ்வினாவிற்கு விடைகாண, உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின் இந்திய முடிவுகள் உதவுகின்றன.

2009-10ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் பிறர் புகைக்கு ஆளானோர் 52.3 விழுக்காடு. 2016-17இல் அது 38.7 விழுக்காடாகக் குறைந்தது. கூரையின்கீழ்ப் பணிபுரிவோருள் பணியிடத்தில் பிறர் புகைக்கு ஆளானோர் முதல் கணக்கெடுப்பில் 29.9 விழுக்காடு, இரண்டாவதில் 30.2 விழுக்காடு. வீட்டிற்குள் புகைபிடித்தலைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. எனினும், அங்கு நிலைமை மேம்பட்டது. பணியிடத்திற்குச் சட்டம் இருந்தும் அங்கு மாற்றம் ஏற்படவில்லை.

இம்முரண் ஆழ்ந்து எண்ணத்தக்கது. வீட்டில் மகள் தந்தையிடம் உரிமையோடு, “வெளியே சென்று புகையுங்கள், அப்பா” என்று கூற முடிகிறது. பணியிடத்தில் அவ்வுரிமைப் பேச்சு எளிதன்று. ஒப்பந்தத் தொழிலாளி நிரந்தரத் தொழிலாளியிடமும் பயிற்சியாளர் பயிற்றுநரிடமும் மறுப்புக் கூறத் தயங்குவர். மொழி தெரியாத ஊரில் வேலை செய்பவருக்கு முறையிடும் வழியும் தெரிவதில்லை. மாடிப்படி, கழிப்பறை, பண்டக அறை ஆகியவை எவர் கண்ணுக்கும் படாமல் புகைபிடிக்கும் இடங்களாக மாறக்கூடும். 1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த ‘மறுப்புத் தெரிவித்தால்’ என்னும் நிபந்தனை ஏட்டில் நீங்கிவிட்டது. பல பணியிடங்களில் நடைமுறையில் அது இன்னும் நீங்கவில்லை.

எனவே, சட்டத்தின் வலிமை தண்டத்தொகையில் மட்டும் இல்லை. முறையீடு எழும்வரை காத்திராமல், பொறுப்பிலுள்ளவர் தாமே முன்வந்து செயல்படுவதில்தான் அது பெரிதும் அடங்கியுள்ளது. பலமொழி பேசுவோர் பணிபுரியும் ஓசூர் போன்ற நகரங்களில், அறிவிப்புப் பலகை தொழிலாளருக்குத் தெரிந்த மொழிகளில் அமைய வேண்டும். பணியில் சேரும் நாளிலேயே, தலைக்கவசம் அணிதல் பற்றியும் தீத்தடுப்புப் பற்றியும் கற்பிப்பதுபோல இவ்விதியையும் கற்பிக்க வேண்டும். முறையிட்டவரின் பெயர் வெளிப்படாமல் காக்கப்பட வேண்டும். மேலதிகாரியே மீறினாலும் விதி வளையக்கூடாது.

உலகம் கற்ற பாடம்

கனடாவின் ஒட்டாவா நகரில் உணவகப் பணியாளராக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உழைத்தவர் ஹெதர் குரோ. அவர் புகைபிடித்ததே இல்லை. ஆனால், வாடிக்கையாளர்கள் விட்ட புகையை நாள்தோறும் சுவாசித்தார். 2002ஆம் ஆண்டில் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. பணியிடப் புகையால் விளைந்த நோய் என ஏற்கப்பட்டு அவருக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. தமக்கு நேர்ந்தது மற்றவருக்கு நேரக்கூடாது என நாடு முழுவதும் சென்று பேசிய அவர், 2006இல் மறைந்தார்.

அயர்லாந்து நாடு 2004ஆம் ஆண்டு மார்ச் 29 அன்று, மதுக்கூடங்கள் உள்ளிட்ட மூடிய பணியிடங்கள் அனைத்திலும் நாடு தழுவிய அளவில் புகைபிடித்தலைத் தடைசெய்த முதல் நாடாயிற்று. வாடிக்கையாளரின் வசதியைவிடப் பணியாளரின் உடல்நலமே அச்சட்டத்தின் முதன்மை நோக்கமாக இருந்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004இல் ஏற்புறுதி செய்தது. அதன் எட்டாவது பிரிவு, பணியிடங்களிலும் பொதுப் போக்குவரத்திலும் மக்களைப் பிறர் புகையிலிருந்து காக்கும் கடமையை உறுப்பு நாடுகளுக்கு விதிக்கிறது.

எதிர்வாதங்களும் விடைகளும்

புகைபிடித்தல் தனிமனித உரிமை எனச் சிலர் வாதிடுவர். இச்சட்டம் ஒருவர் புகைபிடிப்பதையே குற்றமாக்கவில்லை. பிறருடன் பகிரும் காற்றில் புகைப்பதையே தடுக்கிறது. தனிமனித உரிமை என்பது, அடுத்தவரின் மூச்சுக்குள் நுழையும் உரிமை ஆகாது.

தனியறை ஒதுக்கினால் போதாதா என்பது மற்றொரு வாதம். முப்பது அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் கொண்ட தங்கும் விடுதிகளும், முப்பது அல்லது அதற்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட உணவகங்களும், வானூர்தி நிலையங்களும் புகைபிடிக்கத் தனியிடம் அமைக்கலாம் என 2003ஆம் ஆண்டுச் சட்டம் இசைவளிக்கிறது. நாற்புறமும் முழுச்சுவர், தானே மூடிக்கொள்ளும் கதவு, புகையை நேரே வெளியேற்றும் அமைப்பு ஆகியவை அவ்விடத்திற்குத் தேவை என விதிகள் கூறுகின்றன. ஆனால், கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் புகை வெளிவருகிறது; அவ்வறையைத் தூய்மை செய்யும் தொழிலாளியும் அதனைச் சுவாசிக்கிறார். காற்றோட்டக் கருவிகளால் இத்தீங்கை முழுமையாக நீக்க இயலாது என்பதால், மூடிய இடங்களில் முழுத்தடையே தக்க வழி என உடன்படிக்கையின் 2007ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் அறிவுறுத்துகின்றன.

புகைபிடிப்போரைப் பகைவராகக் கருதுவதும் இச்சட்டத்தின் நோக்கமன்று. நிகோடின் மூளையை அடிமைப்படுத்தும் பொருள். அதிலிருந்து விடுபட விழைவோர்க்கு வலிமையான மனவுறுதியுடன் துணையும் தேவை. அதற்கென ஒன்றிய அரசு 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவையை நடத்திவருகிறது. புகையில்லாப் பணியிடம், புகைப்பவரின் நாளொன்றுக்கான எண்ணிக்கையைக் குறைத்து, அவர் அப்பழக்கத்தைக் கைவிடவும் துணைநிற்கிறது. ஆகவே, தடை அவருக்கும் நன்மையே பயக்கிறது.

காற்றெனும் பொதுவுடைமை

மாநில எல்லைகள் மனிதர் வகுத்தவை. சுவர்கள் மனிதர் எழுப்பியவை. புகை இவ்விரண்டையும் அறியாது. கதவிடுக்கிலும் படிக்கட்டிலும் குளிரூட்டியின் குழாயிலும் அது வழிகண்டுவிடும். அதனைத் தடுப்பது, ‘இது என் பொறுப்பு’ என ஏற்கும் மனிதரால்தான் இயலும். தலைமையாசிரியரும் நடத்துநரும் மேற்பார்வையாளரும் உணவக உரிமையாளரும் அவ்வாறு ஏற்கும்போது, ஏட்டிலுள்ள சட்டம் காற்றில் கலக்கிறது.

இன்று பதினோராம் வகுப்பில் பயில்வோர், இன்னும் சில ஆண்டுகளில் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பணியில் சேர்வர். தொடக்கத்தில் மறுப்புரைக்கத் தயங்கும் இடத்தில் அவர்கள் இருக்கலாம். பின்னர் ஒருநாள், ஒரு பிரிவின் பொறுப்பு அவர்கள் கைக்கு வரும். அன்று, தம்கீழ்ப் பணிபுரியும் எவரும் தூய காற்றுக்காகக் கெஞ்ச வேண்டிய நிலை இல்லாதவாறு பார்த்துக்கொள்வதே, இச்சட்டம் அவர்களிடம் எதிர்பார்க்கும் கடமையாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளி, அருகிலுள்ள பேருந்து நிலையம், உணவகம் ஆகியவற்றில் புகைபிடித்தல் தடை அறிவிப்புப் பலகை விதிப்படி அமைந்துள்ளதா எனக் கண்டு, அட்டவணைப்படுத்துக.

2. ‘தண்டத்தொகையை உயர்த்துவதே போதுமானது’, ‘பொறுப்பிலுள்ளவரின் செயல்பாடே முதன்மையானது’ – இவ்விரு கருத்துகளை முன்வைத்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. பலமொழி பேசும் தொழிலாளர்கள் பணிபுரியும் தொழிற்சாலைக்கு ஏற்ற அறிவிப்புப் பலகை ஒன்றை வடிவமைத்து, அதன் வாசகத்தைத் தமிழிலும் உங்களுக்குத் தெரிந்த பிறமொழியிலும் எழுதுக.